தட்டாமல் பூட்டிய கதவு

பூங்காக் கழிவறையைப் பதினொரு வருடமாகக் கழுவும் அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. மாலையில் பூட்டுமுன் ஒவ்வொரு கதவையும் தட்டி, "உயிரோட இருக்கியாப்பா?" என்று கேட்பாள். போதை ஊசி போட்டுக்கொண்டு கிடப்பவன் முனகினால், எழுப்பி வெளியே அனுப்பிவிட்டுத்தான் பூட்டுவாள்.

நகராட்சிக் கூட்டங்களுக்கெல்லாம் தவறாமல் வந்து, போட்ட ஊசிகளைச் சேர்க்க ஒரு பெட்டியும், மூச்சு அடங்குகிறவனை மீட்கும் மருந்தும் கேட்டாள்.

"ஏம்மா, நீயே அவனுங்களுக்குச் செல்லம் குடுக்கிறியா?" என்று எரிந்து விழுந்தார் தலைவர். போன மாதம் தீர்மானமே போட்டார்கள்: தட்டக் கூடாது, பேசக் கூடாது, ஆறு மணிக்குப் பூட்டிவிட வேண்டும்.

இன்றைய கூட்டத்தில் அக்கா சாவியை மேசைமேல் வைத்தாள்.

"வேலை போயிடும்னு பயந்து, நேத்துதான் மொத தடவையா தட்டாமப் பூட்டினேன். காலையில தெறந்தா ஒருத்தன் செத்துக் கெடக்கான். வாசக்கதவு வரைக்கும் ஊர்ந்து வந்திருக்கான்."

தலைவர், கூட்டக் குறிப்பெழுதும் என் பக்கம் திரும்பினார்.

"சாவி வந்து சேந்துச்சுன்னு எழுதிக்கோ."

எழுதினேன். 'தட்டக் கூடாது' என்று போன மாதம் எழுதிய அதே பேனாவால்.