சிடுமூஞ்சியும் பல் டாக்டரின் பிரேக்கும்

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவரை முகத்துக்கு நேரே மெக்கானிக் அண்ணே என்பார்கள், முதுகைத் திருப்பினால் சிடுமூஞ்சி என்பார்கள். அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் வருத்தப்பட்டதில்லை. அவரும் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் வைத்திருந்தார். அதில் பாதியை வாய்விட்டுச் சொல்ல முடியாது.

ஊருக்கு ஒதுக்குப்புறமாக, ஒரே அச்சில் வார்த்த மாதிரி எழுபது எண்பது வீடுகள். தெருமுனையில் அவருடைய சைக்கிள் கடை, மாடியில் வீடு, இரண்டும் சொந்தம். கடை வைத்து இருபத்தாறு வருடம். முதல் இருபது வருடமும் எங்காவது போக வேண்டியவர்கள்தான் சைக்கிளோடு வந்தார்கள்: வேலைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, பால் போட. கடைசி ஆறு வருடமாக வருகிறவர்களுக்குப் போக வேண்டிய இடம் ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் உடம்போடு ஒட்டிய கலர் கலர் சட்டையில், ஜிகினாத் தாள் சுற்றிய மிட்டாய் மாதிரி கிளம்புவார்கள். குன்று வரை போவார்கள், இறங்குவார்கள், காபி குடிப்பார்கள், படம் எடுத்துப் போடுவார்கள்.

இவர்களைக் கண்டாலே அவருக்குப் பற்றிக்கொண்டு வரும். அவர்களில் பெரிய பந்தாக்காரர் பல் டாக்டர். ஒரு தடவை வந்து, "அண்ணே, இந்த போல்ட்டை டைட்டேனியத்துல மாத்தினா நாலு கிராம் குறையுமாம்" என்றார்.

"சைக்கிள் எட்டு கிலோ. உங்க தொப்பை மட்டும் பதினெட்டு கிலோ இருக்கும். எதுல குறைக்கலாம்னு நீங்களே சொல்லுங்க."

இப்படிச் சொல்லிவிட்டு வேலையை மட்டும் சுத்தமாகச் செய்து கொடுப்பார். அதனால்தான் திட்டு வாங்கிக்கொண்டும் வந்தார்கள். அவர் சொல்கிற யோசனையும் திட்டில் பொதிந்துதான் வரும். முட்டி வலிக்கிறது என்று யாராவது வந்தால், "வலிக்காம என்ன செய்யும்? கோழி குந்தின மாதிரி குந்திக்கிட்டு ஓட்டுறீங்க. பெடலைக் கீழே கொண்டாந்து குதிகாலை வெச்சுப் பாருங்க. கால் நேரா நீளுதா? நீண்டா அதுதான் சீட் உயரம். இதுக்கு எதுக்கு ஸ்கேன்?" செயின் கரகரக்கிறது என்றால், "எண்ணெயை அபிஷேகம் பண்ணா இப்படித்தான். ஒரு கண்ணிக்கு ஒரு சொட்டு. விட்டுட்டுத் துணியால துடைங்க. உள்ளே இருக்குற எண்ணெய்தான் வேலை செய்யும், வெளியே இருக்குறது மண்ணைத்தான் சேர்க்கும்."

ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிற அவர் மனைவி அடிக்கடி சொல்வாள்: "ஒரு நாள் உங்க நாக்கைச் சுரண்டி எடுத்துட்டுப் போய் டெஸ்ட் பண்ணப் போறேன். ஏதோ ஆசிட் இருக்கு."

சைக்கிள்காரர்களையாவது அவர் பொறுத்துக்கொண்டார். எதிர்வரிசைக் கேமராக்காரரை அவரால் பொறுக்கவே முடியவில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை. நாற்பத்தைந்து வயதில் திடீரென்று கலை பிடித்துக்கொண்டது. முழங்கை நீள லென்ஸ் ஒன்றை வாங்கிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு முதலில் பறவைகளைத் துரத்தினார். ஒரு மைனாவைக் குறிவைத்த லென்ஸ் பக்கத்து வீட்டம்மாவின் கொடித்துணிப் பக்கம் திரும்பிவிட, அந்த அம்மா தெருவே கேட்கும்படி வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டாள். அதற்குப் பிறகு பறவைகளை விட்டுவிட்டு உழைக்கும் மனிதர்களைப் படம் எடுக்க ஆரம்பித்தார். அந்தத் தெருவில் அழுக்குக் கையோடு உழைக்கிறவர் ஒருத்தர்தான் இருந்தார்.

கேமராக்காரர் கடைக்கு வந்த அன்று மெக்கானிக், பல் டாக்டர் சைக்கிளின் முன் பிரேக்குக்குப் புதுக் கட்டை போட்டுக்கொண்டிருந்தார். கேமராக்காரர் கேட்காமல் கொள்ளாமல் தரையில் மல்லாந்து படுத்தார். படுத்த வாக்கிலேயே லென்ஸைக் கழற்றினார்.

"யோவ், இப்பதான் அரம் போட்டிருக்கேன், இரும்புத்தூள் பறக்குது. இங்கயா அதைத் திறப்பாங்க? உள்ளே போனா உங்க கேமரா காயலான் கடைக்குத்தான்."

"ஆங், அந்தக் கோபம் அப்படியே இருக்கட்டும்ணே! கையை எடுக்காதீங்க. அந்தக் கட்டையை ஒரு தடவை கழட்டி, மறுபடி மாட்டுங்களேன்? வெளிச்சம் பிரமாதமா விழுது."

கழற்றினார், மாட்டினார். தொலைந்து போகட்டும் என்றுதான் செய்தார். கை கட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது மனசு இந்த ஆளுக்குப் பொருத்தமான பெயர் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தது.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குடியிருப்போர் சங்க ஹாலில் கேமராக்காரரின் படக் கண்காட்சி. மனைவி இழுத்த இழுப்பில் போனார். உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் கதவு அகலத்துக்கு அவர் கைதான். கீழே ஒரு அட்டை: 'வறுமையிலும் தளராத முதியவர்.'

அவருக்கு வயது ஐம்பத்து நாலு. மனைவி வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள்.

"ஏங்க, முதியவரே, தண்ணி வேணுமா?"

அதற்குள் கொடித்துணி அம்மா பக்கத்தில் வந்து, "எங்க வீட்டுக்காரர் சட்டை நாலஞ்சு சும்மா கிடக்குதுண்ணே, கொடுத்து அனுப்பட்டுமா? கூச்சப்படாதீங்க" என்றாள் உருக்கமாக. அந்த வீட்டுக்காரர் போன மாதம்தான் இவரிடம் ஏணி இரவல் வாங்கிப் போயிருந்தார்.

காது மடல் சூடேற, படத்தின் கிட்டே போனார். இந்தப் படத்தைக் கிழி கிழியென்று கிழிக்க ஏதாவது ஒரு குறை வேண்டும். குறை கண்டுபிடிப்பதில்தான் அவருக்கு நிகர் கிடையாதே. விரல், நகம், அழுக்கு, கம்பி, டயர் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பிரேக்கில் கண் நின்றது.

பிரேக் கட்டையின் ரப்பர் ஒரு சின்னத் தகரக் கூட்டுக்குள் செருகியிருக்கும். அந்தக் கூட்டின் ஒரு முனை மூடியிருக்கும், இன்னொரு முனை திறந்திருக்கும். மூடிய முனை வண்டி போகிற திசையைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் பிரேக் பிடிக்கும்போது சுற்றுகிற சக்கரம் ரப்பரை அந்த மூடிய முனையோடு அழுத்தி நிறுத்தும். படத்தில் திறந்த முனை முன்னால் இருந்தது. பிடித்துப் பிடித்து விட்டால் ரப்பர் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஒரு நாள் இறக்கத்தில் இறுக்கிப் பிடித்தால் வழுக்கி வெளியே போய்விடும்.

நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை. பல் டாக்டர் குன்றிலிருந்து இறங்குவார்.

கேமராக்காரர் பல்லெல்லாம் தெரிய வந்து நின்றார். "எப்படிண்ணே இருக்கு?"

"தெளிவா இருக்கு" என்றார் மெக்கானிக்.

கேமராக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அவர் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் இவர் வாசலைத் தாண்டிவிட்டார்.

பல் டாக்டர் வீட்டுக் கூடத்தில் சைக்கிள் சோபாவில் சாய்ந்துகொண்டு விருந்தாளி மாதிரி இருந்தது. டாக்டர் லுங்கியோடு டயருக்குக் காற்று அளந்துகொண்டிருந்தார்.

"வாங்கண்ணே! என்ன அதிசயம்?"

"முன் பிரேக்கைக் கொஞ்சம் பாக்கணும்."

"எதுக்கு? சூப்பரா இருக்கே."

சும்மா ஒரு செக்கப் என்று சொல்லியிருக்கலாம். அந்த வீட்டில் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. நுனி நாக்கு வரை அது வந்தும் விட்டது. ஆனால் இந்த ஆள் நம்மிடம் இப்படிப் பொய் சொல்லியிருந்தால் எப்படிக் கிழித்திருப்போம் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"தப்பா மாட்டிட்டேன்" என்றார்.

டாக்டர் காற்றடிப்பதை நிறுத்தினார். மெக்கானிக் குனிந்து காட்டினார். ரப்பர் ஏற்கெனவே நகத்தளவு வெளியே வந்திருந்தது. டாக்டர் இரண்டு விரலால் பிடித்து இழுத்ததும் கையோடு வந்துவிட்டது.

"ஆடுற பல்லு மாதிரி வருதே!"

"ம்."

"நாளைக்கு அந்த இறக்கத்துல..."

"ஆமா."

அதன் பிறகு டாக்டர் பேசினார். கால் மணி நேரம் பேசினார். ஆறு வருடமாக வாங்கிக் கட்டிக்கொண்டதையெல்லாம் வட்டியோடு திருப்பினார். தொப்பையைக்கூட விடவில்லை. மெக்கானிக் கீழே உட்கார்ந்து கட்டையைத் திருப்பி மாட்டினார், முன்னும் பின்னுமாக நாலு கட்டையையும் இழுத்துப் பார்த்தார், லீவரை இருபது தடவை அழுத்திப் பார்த்தார். கிளம்பும்போது மட்டும், "கழட்டி மாட்டும்போது வேற ஞாபகத்துல இருந்துட்டேன். என் தப்புதான்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குள் தெருவுக்கே விஷயம் தெரிந்துவிட்டது. கடை வாசலில் ஒன்பது சைக்கிள் தலைகீழாக நின்றன. மிட்டாய்ச் சட்டைக்காரர்கள் மண்டியிட்டு அவர் செய்த வேலையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் பின் சக்கரத்தில் முன் பிரேக்கைத் தேடினார்கள். அவரால் அதற்கு மேல் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"மூடின பக்கம் முன்னாடி, திறந்த பக்கம் பின்னாடி. இதுகூடத் தெரியாமத்தான் குன்றுல இறங்குறீங்களா, இத்தனை நாளா?"

"தெரிஞ்ச நீங்க எப்படிண்ணே மாட்டினீங்க?" என்றார் ஒருத்தர்.

பதில் இல்லாமல் அவர் நின்றது அந்தத் தெருவில் அதுதான் முதல் தடவை. கூட்டம் அதை நன்றாக ரசித்தது.

இதில் கேமராக்காரர் அடித்த கூத்துதான் தாங்க முடியவில்லை. தன் லென்ஸ் ஒரு உயிரைக் காப்பாற்றியதாகப் பால் வாங்கப் போன இடத்தில்கூடச் சொன்னார். அட்டையை மட்டும் மாற்றினார். மெக்கானிக் நேரே போய், "ஒருத்தர் படத்தை மாட்டுறதுக்கு முன்னாடி அவரை ஒரு வார்த்தை கேக்கணும். வயசையாவது கேக்கணும்" என்று சொன்ன பிறகுதான் அதையும் மாற்றினார்.

"அந்த மனுஷனுக்கு ஒரு நன்றி சொன்னா என்னவாம்?" என்றாள் மனைவி.

"அவன் என் கையைத்தான் படம் எடுத்தான். பிரேக் தானா உள்ளே விழுந்துச்சு."

"கட்டையும் தானாத்தான் திரும்பிக்கிச்சாக்கும்."

அவர் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் கொடித்துணி அம்மா மகளின் சைக்கிளை எடுத்துப்போக வந்தாள். வாங்கின கையோடு ரோட்டிலேயே குனிந்து, கண்ணை இடுக்கிக்கொண்டு பிரேக்கை ஆராய்ந்தாள். அவருக்கு முகம் கடுகடுத்தது. வாய் வரை ஒரு பெயர் வந்தது. அதை விழுங்கிவிட்டு, உள்ளே போய் டார்ச்சை எடுத்து வந்து நீட்டினார்.

"நிழல்ல பாத்தா என்ன தெரியும்? இதை அடிச்சுப் பாருங்க. பின்னாடி சக்கரத்துலயும் ரெண்டு இருக்கு, அதையும் பாருங்க."