என்ன வண்டி?

வீங்கிப்போன கணுக்காலை இரண்டு கைகளிலும் ஏந்தி, எக்ஸ்ரே மேசையின் மேல் நோகாத கோணத்தில் வைத்துவிட்டு அவர் கேட்கிற முதல் கேள்வி, எப்படி விழுந்தீர்கள் என்பதல்ல. “என்ன வண்டி?”

வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்கள்கூட இந்தக் கேள்விக்குக் கண் திறந்து பதில் சொல்லிவிடுகிறார்கள். பெயர் தெரிந்ததும் அவர் விடுவதில்லை. நின்றபடி சாய்ந்ததா, ஓடும்போது வழுக்கியதா, பக்கவாட்டில் பெட்டி மாட்டியிருந்ததா என்று துருவித் துருவி விசாரிப்பார். பின்னால் ஆள் இருந்தது என்று தெரிந்தால் மட்டும் குரல் இறங்கிவிடும். “அவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே?” என்பார். அதற்குப் பதில் வந்த பிறகுதான் தடுப்புக்குப் பின்னால் போய் நின்று, “மூச்சை இழுத்துப் பிடிங்க. ஆடாதீங்க... ம், விடலாம்” என்று பொத்தானை அழுத்துவார். கணுக்காலைப் படம் எடுக்க யாரும் மூச்சைப் பிடிக்க வேண்டியதில்லை. நெஞ்சுக்குச் சொல்ல வேண்டியதைச் சுண்டுவிரலுக்கும் சொல்லிப் பழகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் அவருக்கு எக்ஸ்ரே சார் என்று பெயர். மோட்டார் சைக்கிள் ஷோரூம்களில் வேறு பெயர்: ‘அப்புறம் வரேன் சார்’. இது அவர் காதுபடச் சொல்வதில்லை என்றாலும், அவர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழையும்போது விற்பனைப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பதில் இருந்து ஏதோ பெயர் இருக்கிறது என்று அவருக்கும் தெரியும். ஐம்பதைத் தாண்டியவர். வருடக்கணக்காக ஈயக் கவசத்தைச் சுமந்த தோள்கள் கொஞ்சம் முன்னால் வளைந்திருக்கின்றன. வேலைக்குப் போவது ஒரு பழைய ஸ்கூட்டரில், சைக்கிள்காரர்கள் பொறுமை இழக்கிற வேகத்தில். இவர் வாங்க நினைப்பதோ, மலைப்பாதைக்கும் நெடும்பயணத்துக்கும் என்றே செய்த உயரமான பெரிய வண்டி. இளவட்டங்கள் அட்வென்ச்சர் பைக் என்பார்கள். தேடத் தொடங்கி இது இரண்டாவது கோடை.

சல்லடை போட்டுச் சலித்து மூன்றில் வந்து நிற்கிறார். கம்பெனி வைத்த பெயர்கள் எழுத்தும் எண்ணுமாக வாயில் நுழையாமல் இருப்பதால், அவரே பெயர் சூட்டிவிட்டார். ஒல்லியாக, நெடுநெடுவென்று நிற்பது ஒட்டகம். இரண்டு சிலிண்டரும் பெருத்த டாங்குமாக அகன்று கிடப்பது எருமை. எடை குறைந்த ஒற்றை சிலிண்டர் வண்டி ஆடு.

ஒட்டகத்தை எந்தப் பள்ளத்திலும் இறக்கி ஏற்றலாம், அடியில் கல் தட்டாது. ஆனால் அதில் உட்கார்ந்தால் அவருக்குக் கால் விரல் மட்டும்தான் தரையில் படுகிறது. சிக்னலில் சும்மா நின்ற இடத்திலேயே சாய்ந்து, தோளை ஒட்டிய காறை எலும்பை முறித்துக்கொண்ட ஒருவரை அவர் படம் எடுத்திருக்கிறார். எருமையில் பாதம் முழுவதும் ஊன்றும், பின்சீட்டும் மெத்தென்று அகலமாக இருக்கிறது. ஆனால் கனம். சாய்ந்துவிட்டால் ஒரு ஆளால் நிமிர்த்த முடியாது, அடியில் யாருடைய கால் இருக்கிறதோ அவர் கணுக்கால் போயிற்று. ஆட்டை விழுந்த வேகத்தில் தூக்கி நிறுத்திவிடலாம், ஆனால் பின்சீட்டு வெறும் பலகை. பாதையில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் நேராக முதுகெலும்பில் வந்து பேசும். மற்றவர்கள் குதிரைத்திறனையும் மைலேஜையும் வைத்து வண்டிகளை ஒப்பிடுவார்கள். இவர் எலும்பு எலும்பாக ஒப்பிடுகிறார்.

ஷோரூமில் அவர் நடந்துகொள்வதும் அப்படித்தான். “இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டவா சார்?” என்று ஆசையாகக் கேட்டால் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, பின்சீட்டைக் கட்டைவிரலால் இடம் இடமாக அழுத்திப் பார்ப்பார், எங்கே வலிக்கிறது என்று அதனிடம் கேட்கிற மாதிரி. பக்கப் பெட்டிக்கும் கால்மிதிக்கும் நடுவே உள்ளங்கையை நுழைத்து இடைவெளி பார்ப்பார். “இந்த இரும்புப் பெட்டி ஆகாதும்மா. காலைத் தரையில ஊன்றுனா பின்னாலேயே வந்து கெண்டைக்காலை மடக்கிடும். படமே இருக்கு, பாக்குறியா?” என்று ஒருமுறை ஒரு பெண்ணிடம் கேட்டார். அவளும் தெரியாத்தனமாகப் பார்த்துவிட்டு, குடித்துக்கொண்டிருந்த தேநீரை அப்படியே வைத்துவிட்டுப் போனாள். எல்லா வண்டிகளிலும் ஏறி உட்காருவார், ஆனால் வண்டி சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும்போது மட்டும். ஸ்டாண்டை எடுத்து முழுக் கனத்தையும் தன் கால்களில் வாங்கிப் பார்த்ததில்லை. ஓட்டிப் பாருங்கள் என்று சாவியை நீட்டினால் உடனே கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். “அப்புறம் வரேன்.”

ஓட்டத் தெரியாதவர் அல்ல. கரடுமுரடான பாதையில் ஓட்டக் கற்றுத்தரும் ஒரு பள்ளிக்கு விடுமுறை நாட்களில் போய், இருபது வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்து மணலிலும் சரளையிலும் ஓட்டிப் பழகி, பயிற்சி கொடுத்தவரிடம் பாராட்டும் வாங்கியிருக்கிறார். அங்கே அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அங்கே பின்சீட்டில் யாரும் இல்லை.

பின்சீட்டில் உட்காரப் போகிறவர் அவர் மனைவி. விஷயமே அதுதான்.

அந்த அம்மாள் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். மலையில் அளந்து வருபவர்கள் வேறு ஆட்கள். அவர்கள் கொண்டுவரும் கணக்கை மேசையில் வைத்துக்கொண்டு கோடாக்குவது இவர் வேலை. வேலையில் சேர்ந்த புதிதில், மலைக்கு அந்தப் பக்கம் உள்ள ஏரிக்குப் போகும் ஒரு சாலையை வளைவு வளைவாக இவர்தான் வரைந்தார். அதில் ஒரு வளைவு மட்டும் பொருந்தவே இல்லை. வந்த கணக்குப்படி வரைந்தால் சாலை பள்ளத்தில் போய் விழுந்தது. அழித்து அழித்துக் காகிதமே நைந்துபோய், கடைசியில் மேலதிகாரி சொன்னபடி ஏதோ ஒரு கோட்டை இழுத்து முடித்தார். அளந்தவன் தப்பா, வரைந்த நான் தப்பா என்ற கேள்வி அன்றிலிருந்து மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. போய்ப் பார்த்துவிட வேண்டும். ஜீப்பில் போகலாமே என்று கணவர் சொல்லிப் பார்த்தார். “ஜீப்புல போனா ஜன்னல் அளவுதான் தெரியும். சட்டம் போட்ட படத்தை நான் வேலையிலயே நிறையப் பாத்துட்டேன்” என்று அந்தப் பேச்சுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டார். அவருக்குக் கணவரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, தலைக்கு மேலே வானம் இருக்க, அந்த வளைவில் திரும்ப வேண்டும்.

இதுவரையில் நம்மவருக்கும் சம்மதம்தான். வண்டி தேட ஆரம்பித்ததே அவர். ஆரம்பித்த சில வாரங்களில் மனைவி வாசலில் மிதியடி தடுக்கி, கையை ஊன்றி விழுந்தார். பெரிதாக விழவில்லை. மறு கையில் இருந்த குடைகூட நழுவவில்லை. மணிக்கட்டில் விரிசல் விட்டுவிட்டது. படம் எடுத்தவர் இவர்தான். முறிவு சின்னது, அது அவரைக் கலக்கவில்லை. வெள்ளை வெளேரென்று தெரிய வேண்டிய எலும்பு சாம்பல் பூத்துத் தெரிந்தது. இடுப்பையும் முதுகையும் சோதித்ததில் அங்கேயும் அதே சாம்பல். எலும்பு மெலிந்துகொண்டு வருகிறது, மாத்திரை அதன் வேகத்தைக் குறைக்கும், போனது இனித் திரும்பாது என்றார் டாக்டர். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போகலாமா என்று மனைவி கேட்டதற்கு, “போங்க, விழாம போங்க” என்று சிரித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார். இவருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று தொடங்கியதுதான் இந்த ‘என்ன வண்டி’. அவருக்குப் பயம். அதை வெளியே சொல்லத் தெரியாமல் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

மழை பிடித்துவிட்டால் அந்த மலைச்சாலையை மூடிவிடுவார்கள். போன வருடமும் மூடினார்கள். அப்போது இவர் ஆட்டின் பின்சீட்டுக்கு மெத்தை தைத்துத் தருவார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு வருடத்தில் அந்த எலும்புகளில் இன்னும் எவ்வளவு வெள்ளை மிஞ்சியிருக்கும் என்று அவரைவிட யாருக்கும் நன்றாகத் தெரியாது. போனாலும் பயம், போகாமல் நாளைக் கடத்தினாலும் பயம் என்று நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சோபாவின் கைப்பிடி மேல் மூன்று தலையணைகளை அடுக்கி, எருமையின் உயரத்துக்குக் கொண்டுவந்து, அதில் ஏறி உட்கார்ந்து பாதம் எப்படி ஊன்றுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். மடித்த துணிகளோடு அந்தப் பக்கம் வந்த மனைவி, துணியை மேசையில் வைத்துவிட்டுப் பின்னால் வந்து நின்றார்.

“இப்ப எந்த வளைவுல போயிட்டிருக்கோம்?”

அவர் அசடு வழிந்துகொண்டு இறங்கினார். வானொலியில் மழை இந்த முறை சீக்கிரமே வரும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். மனைவி அதை அணைத்தார். சாப்பிட உட்கார்ந்தபோது இவர் வழக்கம்போல் அந்த வாரத்துக் கணுக்கால்களைப் பற்றி ஆரம்பித்தார். எல்லாவற்றையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் மனைவி வாயைத் திறந்தார்.

“இடுப்பு உடைஞ்சு யாருமே வர்றதில்லையா?”

“வராம என்ன? தினம் வர்றாங்க. பாத்ரூம்ல வழுக்கித்தான் முக்கால்வாசி.”

“அவங்ககிட்ட என்ன டைல்ஸுன்னு கேட்டீங்களா?”

அவர் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தார்.

“விழுந்தவங்கதாங்க உங்க ரூமுக்கு வர்றாங்க. ஏரியைப் பாத்துட்டு நல்லபடியா திரும்பி வந்தவங்க உங்ககிட்ட எதுக்கு வந்து படுக்கணும்?” மனைவியின் குரலில் கோபம் இல்லை. “நானும் பயந்துக்கிட்டுதான் இருக்கேன். நீங்க பயப்படுறது வண்டிய நினைச்சு. நான் பயப்படுறது இந்த வருஷமும் போயிடுமேன்னு.”

மறுநாள் வேலையில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. குளியலறையில் விழுந்த ஒரு அம்மாளைச் சக்கரப் படுக்கையில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். இடுப்பு. தலையணையைச் சரிசெய்துவிட்டு, “என்ன...” என்று தொடங்கியவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அடுத்து வந்தவர் கட்டிலில் இருந்து இறங்கும்போது விழுந்தவர். அதற்கடுத்தவர் மாடிப்படி. இத்தனை நாளும் இந்த எலும்புகளும் இதே மேசையில்தான் கிடந்தன. இவர்தான் இரண்டு சக்கரத்தோடு வந்தவற்றை மட்டும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். அதனால் பயம் போய்விட்டதா என்றால், இல்லை. நேற்றுவரை ஷோரூமில் நின்ற பயம் இப்போது வீட்டுக்குள்ளும் வந்து குளியலறை வாசலில் நின்றது. ஆனால் அன்றைக்கு வேலை முடிந்ததும் வீட்டுக்குப் போய், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று, “கிளம்பு, போய் உக்காந்து பாக்கலாம்” என்றார்.

எருமையின் ஷோரூமில் விளக்குப் போட்டிருந்தார்கள். ‘அப்புறம் வரேன் சார்’ முதல் முறையாக வீட்டம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து, விற்பனைப் பெண் சிரிக்கவும் மறந்து நாற்காலி இழுத்துப் போட்டாள். மனைவி உட்காரவில்லை. வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, சாய்ந்தால் என்ன செய்வது என்று கணவரிடமே கேட்டார். ஒரு ஆளால் தூக்க முடியாது என்றார் இவர்.

“ரெண்டு பேர் இருக்கோமே.”

“நீ கனம் தூக்கக் கூடாது.”

“அப்ப நீங்க கீழ போடாதீங்க.”

விற்பனைப் பெண் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவர் ஏறி உட்கார்ந்து, சைடு ஸ்டாண்டில் சாய்ந்திருந்த வண்டியின் கைப்பிடியை இறுகப் பற்றினார். மனைவி இடது கையை, மணிக்கட்டில் விரிசல் விட்ட அந்தக் கையை, அவர் தோள்மேல் வைத்துக் கால்மிதியில் ஏறினார். வண்டி ஸ்டாண்டின் மேல் ஒருமுறை அமுங்கியது. பிறகு பின்சீட்டில் மெதுவாக ஒரு பாரம் இறங்கியது. அவர் எதிர்பார்த்ததைவிடக் குறைவான பாரம். அது அவரை இன்னும் கலங்க வைத்தது. கண்ணாடியில் மனைவியின் பாதி முகம் தெரிந்தது. வாசலைத் தாண்டி, தெருவைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் அசையாமல் இருந்தார். மூச்சைக்கூட விடவில்லை. பின்னால் இருந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி மனைவி சொன்னார்: “பிடிச்சது போதும். ம், விடலாம்.”

மூச்சை விட்டார். வலது பாதத்தைத் தரையில் முழுதாக ஊன்றி, வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி, அதன் கனமும் மனைவியின் கனமும் தொடைகளில் வந்து இறங்கும்வரை பொறுத்திருந்து, இடது குதிகாலால் சைடு ஸ்டாண்டைப் பின்னால் தள்ளி மடக்கினார்.