நேர்ந்துகொண்ட தோப்புக்கரணம்

என் மகள் பவித்ராவின் இடது முழங்காலில் ஜவ்வு அறுந்துவிட்டது என்று மதுரையில் மருத்துவர் சொன்னபோது அவள் அழவில்லை. "திரும்ப விளையாடலாமா?" என்று மட்டும் கேட்டாள். "பார்க்கலாம்" என்றார் அவர். அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டுதான் காரைக்குடிக்குப் பேருந்து ஏறினோம்.

மேலூர் தாண்டியதும் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். புத்தகங்களோடு வாழ்கிறவள் நான். கல்லூரி நூலகத்தில்தான் எனக்கு வேலை. ஆனால் அன்று படித்தது எதுவும் நாவுக்கு வரவில்லை. பிள்ளையார்பட்டி விலக்கில் பேருந்து நின்றது. கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கைகூப்பினேன். "கற்பக மூர்த்தியே, இவளை எழுப்பி ஓடவிடு. கால் சரியானதும் உன் சன்னிதியில் இவளை நூற்றெட்டுத் தோப்புக்கரணம் போடவைக்கிறேன்." காலுக்காகக் கேட்கிறோம், காலாலேயே நன்றி சொல்லட்டும் என்று தோன்றியது. அந்த வேண்டுதல் எங்களை எங்கெல்லாம் கொண்டுபோகும் என்று அப்போது நான் அறியவில்லை.

பவித்ரா கபடி விளையாடுகிறவள். பள்ளியில் தொடங்கியது, கல்லூரியில் சேர்ந்தபின் அதுவே அவள் மூச்சு. இரண்டு ஆண்டுகளுக்கு முன், தை மாதத்தில் ஒரு போட்டி. எதிரணியில் ஒருத்தியைத் தொட்டுவிட்டுக் கோட்டை நோக்கித் திரும்பினாள். யாரும் அவளைப் பிடிக்கவில்லை. ஊன்றிய பாதம் அங்கேயே நிற்க, உடல் மட்டும் திரும்பியது. ஏதோ முறிந்ததுபோல உள்ளே ஒரு சத்தம் கேட்டதாக அவள் சொன்னாள். மாசியில் அறுவை சிகிச்சை நடந்தது.

வீடு திரும்பியபின் எங்களுக்குக் கிடைத்தவர் ஆயிஷா. பள்ளத்தூர்க்காரர். விளையாட்டுக் காயம் பட்டவர்களைத் திரும்பவும் களத்தில் இறக்குவதற்கென்றே படித்த பிசியோதெரபிஸ்ட். பவித்ராவின் கல்லூரி அணியோடு போட்டிகளுக்குப் போய் வருகிறவரும் அவரே. முதல் நாள் அவர் காலைத் தொடுவதற்கு முன் கதையைத்தான் கேட்டார்: எப்படி விழுந்தாய், எந்தப் பக்கம் திரும்பினாய், விழுந்ததும் முதலில் என்ன நினைத்தாய். முழங்காலுக்குக் கீழே ஒரு துண்டைச் சுருட்டி வைத்து, "இத அமுக்கு" என்றார். பவித்ரா முகம் சுளித்து அமுக்கினாள். தொடைச் சதை அசையக்கூட இல்லை. "தூங்குது. எழுப்பிரலாம்" என்றார் ஆயிஷா, காலையில் எழ மறுக்கும் குழந்தையைப் பற்றிச் சொல்வதுபோல.

புறப்படும்போது வேண்டுதலைப் பற்றி அவரிடம் சொன்னேன். சொல்வதுதான் முறை என்று பட்டது. ஆயிஷா சுருட்டிய துண்டை உதறி மடித்தார்.

"நல்லா நேந்தீக போங்கக்கா. ஊர்ல தேங்காய் இல்லையா, கொழுக்கட்டை இல்லையா? இந்தக் கால் எதக் கடைசியாக் கத்துக்குமோ, அதையே நேந்துட்டு வந்திருக்கீக."

"இப்ப என்ன செய்ய?"

"ஒண்ணும் செய்ய வேணாம். முழுசாக் குத்தவைக்க நாள் ஆகும். அதுவரைக்கும் நெத்தியில குட்டிக்கிட்டாப் போதும்னு பிள்ளையார்ட்டச் சொல்லி வைங்க."

"அவரு பாத்துக்குவாரு."

"இன்ஷா அல்லாஹ். ஆனா ஐஸ் வைக்கிறத மட்டும் விட்டுறாதீக."

என் கணவரின் தங்கை வள்ளிக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. கண்டனூரில் இருக்கிறாள். அண்ணன் மகள்மேல் உயிர். "சாமிக்குச் சொன்னதத் தள்ளிப் போட்டுக்கிட்டே போனா எப்படி மதினி? அதான் கால் தேறமாட்டேங்குது" என்று போன் செய்யும்போதெல்லாம் சொல்வாள். சித்திரை முதல் நாள், என்னைச் சமையலில் விட்டுவிட்டு, அத்தையும் மருமகளும் பிள்ளையார்பட்டிக்குப் போனார்கள். கும்பிட்டுவிட்டு வருவார்கள் என்றுதான் நினைத்தேன். பவித்ரா நொண்டிக்கொண்டு திரும்பினாள். அத்தை கையைப் பிடித்துக்கொள்ள, சன்னிதியில் தோப்புக்கரணம் போட்டிருக்கிறாள்; எண்ணிக்கையை எட்டுவதற்கு வெகு முன்பே முழங்கால் மறுத்துவிட்டிருந்தது. மாலைக்குள் அது பலாக்கொட்டைபோல வழவழவென்று வீங்கி நின்றது.

ஆயிஷா வீட்டுக்கே வந்தார். புறங்கையை முழங்காலின்மேல் வைத்துச் சூடு பார்த்தார். மெல்ல இழுத்தும் தள்ளியும் பார்த்தார்.

"ஜவ்வுக்கு ஒண்ணும் ஆகல. கோவிச்சுக்கிட்டிருக்கு, அவ்வளவுதான்."

"சாமிக்குத்தானே போட்டா?" என்றாள் வள்ளி, குரல் இறங்கி.

"சாமிக்கு ஒண்ணும் அவசரம் இல்லக்கா. ஒங்களுக்குத்தான் அவசரம்."

வள்ளி உள்ளே போய் அவருக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.

வீக்கம் சில வாரங்களில் வடிந்தது. ஆனால் அன்று புகுந்த பயம் வடியவில்லை. தொடையில் சதை ஏறியது. ஒற்றைக் காலில் நின்று பந்து பிடித்தாள், மாடிப்படி ஏறி இறங்கினாள். உட்கார்ந்து எழச் சொன்னால் மட்டும், பாதி தூரம் இறங்கியதுமே அவள் உடல் வலப்பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு எடைக் கருவிகளைத் தரையில் வைத்து, ஒவ்வொரு காலையும் ஒன்றின்மேல் ஊன்றி இறங்கச் சொல்வார் ஆயிஷா. நேராக நிற்கும்போது இரண்டு முள்ளும் சேர்ந்து நிற்கும். மடங்கத் தொடங்கியதும் இடது முள் நழுவும். "நேராத்தான் இருக்கேன்" என்பாள் பவித்ரா. முள்ளைக் காட்டினால் எரிச்சல் வரும். ஒரு நாள் காலுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, "நான் கபடிய விட்டுர்றேன்மா" என்றாள்.

ஆயிஷா என்னைத் தனியே அழைத்தார். "கால் தயாராயிருச்சுக்கா. அவதான் நம்பமாட்டேங்குறா. சதைக்குப் பயிற்சி இருக்கு, இதுக்கு எங்கிட்ட என்ன இருக்கு? நீங்க ஒங்க பிள்ளையார்ட்டக் கேளுங்க. நானும் துஆ செய்றேன்."

அன்று நடந்தே வீட்டுக்கு வந்தேன். பூசை அலமாரியின்முன் நின்றபோது எனக்கு ஒன்று விளங்கியது. இத்தனை மாதம் நான் அவளுடைய காலுக்காகத்தான் வேண்டியிருந்தேன். அவளுக்காக வேண்டவில்லை. "அப்பனே, விளையாடுகிறாளோ இல்லையோ, அது உன் விருப்பம். தன் காலை அவள் நம்பட்டும். இது ஒன்றைக் கொடு. நேர்ந்துகொண்டது என் வாய். அவள் நம்பும் நாள்வரை தோப்புக்கரணத்தை என் கால் போடட்டும்." அடுத்த நாளிலிருந்து குளித்ததும் காதுகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழத் தொடங்கினேன். நாற்காலியில் உட்கார்ந்தே வயதானவள். என் முட்டிகள் எழுப்பிய சத்தத்தைப் பிள்ளையார் பொறுத்துக்கொண்டார். பவித்ரா பார்த்தும் பாராததுபோல இருந்தாள்.

ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை. நான் இறங்கி, எழ முடியாமல் அலமாரியைப் பற்றினேன்.

"அம்மா, அலமாரியப் பிடிக்காத. அதுலதான் பிள்ளையார் உக்காந்திருக்காரு. சேந்து விழப்போறீக ரெண்டு பேரும்."

"ஒன் வேலையப் பாரு."

"குதிகால் தூக்குது. முட்டி ரெண்டும் உள்ள போகுது. ஆயிஷாக்கா பாத்தாத் தொலைச்சுருவாங்க."

"எனக்கு இப்படித்தான்டி வரும்."

"இப்படியா வரும்? தள்ளு."

காப்பித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். கைகளைக் குறுக்கே மாற்றிக் காதுகளைப் பிடித்தாள். "மொதல்ல இடுப்பப் பின்னால கொண்டு போகணும். முட்டி கால்வெரலப் பாத்தே போகணும். குதிகால் தரையில ஒட்டியிருக்கணும்." பேசிக்கொண்டே இறங்கினாள். பாதியில் நிற்கவில்லை. சாயவில்லை. அடிவரை இறங்கி, அங்கேயே உட்கார்ந்தபடி என்னை நிமிர்ந்து பார்த்து, "புரியுதா?" என்றாள்.

என் கண்கள் கீழே போயிருந்தன.

"என்னம்மா?" என்றவள், என் பார்வை போன இடத்துக்குத் தானும் குனிந்து பார்த்தாள். முற்றிலும் மடங்கியிருந்த தன் இடது முழங்காலைப் பார்த்தாள். காதிலிருந்து ஒரு கையை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல" என்றாள் மெதுவாக. எழுந்தாள். காதைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் இறங்கினாள். இந்த முறை எனக்குக் கற்றுக்கொடுப்பதற்காக அல்ல. நான் சத்தமில்லாமல் விலகி, சமையலறை வாசலில் நின்றுகொண்டேன்.

அன்று மாலை ஆயிஷா எடைக் கருவிகளை வைத்தார். பவித்ரா இறங்கினாள், இரண்டு முள்ளும் ஒன்றையொன்று விட்டுப் பிரியவில்லை. "அல்ஹம்துலில்லாஹ்" என்றார் ஆயிஷா. நடந்ததை நான் சொல்லக் கேட்டுச் சிரித்தார். "ஒங்க பிள்ளையார் நல்ல பிசியோக்கா. நான் எத்தன தடவ சொல்லிப் பாத்தேன், கேக்கல. ஒங்களுக்குச் சொல்லிக் கொடுக்க எறங்குனதுல பயப்பட மறந்துட்டா."

ஆவணியில், சதுர்த்திக் கூட்டம் கலைந்தபின் ஒரு நாள், ஆயிஷாவின் சம்மதத்தோடு பிள்ளையார்பட்டிக்குப் போனோம். குடைவரைக்குள் அந்தப் பெரிய மூர்த்தியின் எதிரே பவித்ரா தோப்புக்கரணம் போட்டாள். இடையிடையே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு போடலாம் என்பது ஆயிஷாவின் உத்தரவு. "மெதுவா, மெதுவா, சாமி எங்கயும் போயிராது" என்று அவளை அதட்டிக்கொண்டு நின்றவள் வேறு யாருமல்ல, வள்ளிதான்.

அடிபட்டு ஏறக்குறைய ஓராண்டு கழித்து, மறு தையில், அவள் மீண்டும் களத்தில் இறங்கினாள். எதிரணிக்குள் பாடிப் போய், ஒருத்தியைத் தொட்டு, அதே இடது பாதத்தை ஊன்றித் திரும்பினாள். நான் கண்ணை மூடிக்கொண்டுவிட்டேன். பக்கத்திலிருந்த ஆயிஷா என் கையைத் தட்டி, "வந்துட்டாக்கா" என்றார். அந்தப் போட்டியில் அவர்கள் அணி தோற்றது. வீடு வரும்வரை பவித்ரா அதைப் பற்றியே புலம்பிக்கொண்டு வந்தாள். தோற்றதற்காக மட்டும் புலம்ப முடிகிற ஒரு மகளைத் திரும்பத் தந்ததற்காக நான் உள்ளுக்குள் கும்பிட்டுக்கொண்டு வந்தேன்.

ஜவ்வைச் சீராக்கியவர் மருத்துவர். சதையை வளர்த்தவர் ஆயிஷா. இதில் சாமி எங்கே வந்தது என்று என் நூலகத்து நண்பர்கள் கேட்பதுண்டு. அவர்களோடு நான் வாதாடுவதில்லை. ஒரு வெள்ளிக்கிழமைக் காலையில் நான் அலமாரியைப் பற்றியதும், அவள் காப்பித் தம்ளரைக் கீழே வைத்ததும் யார் ஏற்பாடு என்று எனக்குள் கேட்டுக்கொள்கிறேன். எனக்குக் கிடைத்த விடை எனக்குப் போதும்.

இதைப் படிக்கும் உங்கள் வீட்டிலும் ஒருவர் ஏதோ ஒன்று உடைந்து உட்கார்ந்திருக்கலாம். மருத்துவர் சொல்வதைக் கேளுங்கள். பயிற்சியைத் தவறவிடாதீர்கள். அவற்றோடு பிள்ளையாரிடமும் கேளுங்கள்; எந்த வழியாகக் கொடுக்க வேண்டும் என்பதை அவர் முடிவுக்கே விட்டுவிடுங்கள். என் வேண்டுதல் நிறைவேறி நாளாகிவிட்டது. தோப்புக்கரணத்தை மட்டும் நான் நிறுத்தவில்லை. முட்டி உள்ளே போனால் அதட்டுவதற்கு வீட்டில் ஒருத்தி இருக்கிறாள்.