மாவட்டத்திலேயே மட்டமான ஆப்ரிகாட்

அருஸ்யாக் தன் சரக்கைத் தானே புகழ்ந்து ஒருவரும் கேட்டதில்லை. கலிபோர்னியாவில், பிரெஸ்னோ நகருக்குத் தெற்கே, நெடுஞ்சாலை ஓரத்தில், அவளும் கணவர் கிர்கோரும் தம் தோட்டத்து ஆப்ரிகாட் பழங்களை வெயிலில் உலர்த்தி ஒரு கொட்டகையில் விற்றுவந்தார்கள். கொட்டகையின் நெற்றியில் ‘மாவட்டத்திலேயே மட்டமான ஆப்ரிகாட்’ என்று பெரிய எழுத்தில் அவளே பலகை எழுதி மாட்டியிருந்தாள். பலகையின் மூலையில், கண் வரைந்த நீலமணி ஒன்று ஊக்கில் தொங்கியது.

புகழ்ந்த பொருள்மேல் கண் விழும். கண் விழுந்த பொருள் கெடும். ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்த அவளுக்கு இதில் ஐயமே இல்லை. ஆகவே பூத்துக் குலுங்கும் மரத்தைப் பார்த்துச் சொறி பிடித்த மரம் என்பாள். ஞாயிறு வழிபாடு முடிந்து வெளியே வருகையில் அவள் மகளை யாராவது அழகி என்றால், “குரங்கு!” என்று சொல்லி மூன்று முறை காற்றில் துப்புவாள். மணமான நாள்முதல் கணவரை அவள் விளித்த சொல், உதவாக்கரை.

பழிப்பதுபோலப் புகழ்வதை நம் அணியிலக்கணத்தார் வஞ்சப்புகழ்ச்சி என்பர். இருக்க வீடில்லாதவன், சுடுகாட்டில் ஆடுகிறவன் என்று இறைவனையே வைது பாடி வீடுபேறு கண்ட அடியவர்கள் நம்மில் உண்டு. அருஸ்யாக் இலக்கணம் அறியாள். ஆயினும் அவ்வணி அவள் நாவிலேயே குடியிருந்தது. குடியிருந்ததோடு நில்லாமல் ஒருநாள் அவளை நீதிமன்றத்துக்கும் இழுத்துச் சென்றது.

ஊரின் பெரிய உலர்பழ நிறுவனம் ஸ்டாக்லியாருடையது. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் பழத்தின் நிறம் மங்காதபடி புகையூட்டும் இன்னொரு கந்தகப் புகைக்கூடம் கட்ட அவர்கள் நகரமன்றத்தில் அனுமதி கேட்டார்கள். பொதுமக்கள் கருத்துச் சொல்லலாம் என்று தலைவர் அறிவித்ததும் அருஸ்யாக் எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

“ஐயாமாருங்களே, இருக்குற புகைக்கே பிள்ளைங்க கண்ணு எரியுது. சரி, ஊர்ப் பழத்துக்காகப் பொறுத்துக்கலாம்னா, பெட்டியில ‘பள்ளத்தாக்கில் விளைந்தது’ன்னு அச்சடிச்சிருக்காங்களே, அது ஊர்ப் பழமே இல்ல. கப்பல்ல வந்த பழம். துறைமுக லாரி பின்வாசல்ல இறக்குறதை நான் பார்த்தேன். அந்த மட்டமான பழத்துக்கு நம்ம பிள்ளைங்க ஏன் இருமணும்?”

மண்டபம் கைதட்டியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிறர் பழத்தைத் தாழ்த்தினால் தன் பழம் தானாக உயர்ந்துவிடுகிறதே! இத்தனை கண்கள் முன்னால் அதை அப்படியே விடலாமா?

“என்னுதும் மட்டம்தான்!” என்று அவசரமாகக் கூவினாள். “மாவட்டத்திலேயே மட்டம். யாரும் வாங்க வந்துடாதீங்க!”

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. அனுமதி கிடைக்கவில்லை. அடுத்த மாதம் அவதூறு வழக்கின் அழைப்பாணை வந்தது. நிறுவனம் கேட்ட இழப்பீட்டுக்குத் தோட்டத்தையும் வீட்டையும் விற்று, கிர்கோரையும் சேர்த்து விற்றாலும் காணாது.

தேவாலயத்துப் பாடற்குழுவில் பாடும் ஹோவிக் வழக்கறிஞன். தாள்களை எடுத்துக்கொண்டு அவள் சமையலறையில் வந்து அமர்ந்தான்.

“அத்தை, இதுக்குப் பேரு வாயடைப்பு வழக்கு. ஜெயிக்கணும்னு போடுறதில்ல. உங்களை அலைய வெச்சு, இன்னொருத்தர் வாயைத் திறக்காம பண்ணப் போடுறது. நம்ம கலிபோர்னியாவுல அதுக்குச் சட்டமே இருக்கு. பொது விஷயத்தைப் பேசினதுக்கு வழக்குப் போட்டா, ஆரம்பத்துலயே தள்ளுபடி பண்ணச் சொல்லிக் கேக்கலாம். தள்ளுபடி ஆயிட்டா நம்ம வக்கீல் செலவையும் அவங்கதான் கட்டணும்.”

“அப்புறம் ஏண்டா மூஞ்சியைத் தொங்கப் போட்டிருக்க?”

“அந்தச் சட்ட வேலியில ஒரு ஓட்டை இருக்கு. ஒரு வியாபாரி, தன் சரக்கு விக்கணும்னு, வாங்குறவங்க காதுல போட்டிக்காரன் சரக்கைப் பத்திச் சொன்னா, அந்தச் சட்டம் காப்பாத்தாது. நீங்களும் உலர்பழம் விக்குறீங்க, அவங்களும் விக்குறாங்க. மண்டபம் பூரா உங்க வாடிக்கைக்காரங்க. பிள்ளைங்க, புகைன்னு சொல்லிட்டு உக்கார்ந்திருக்கலாம். உங்க பழத்தை எதுக்கு இழுத்தீங்க?”

“வாங்காதீங்கன்னுதானே சொன்னேன்!”

“நீங்க வாங்காதீங்கன்னு சொன்னாத்தானே ஊரே வாங்குது! அதைத்தான் விளம்பரம்னு சொல்லப்போறாங்க.”

காப்பிக் கிண்ணங்களோடு வந்த கிர்கோர், “நான் அப்பவே நினைச்சேன்…” என்று தொடங்கினார்.

“நீ சும்மா இரு, உதவாக்கரை.”

ஹோவிக் மெல்லச் சொன்னான்: “பிரமாண வாக்குமூலத்துல, அது சும்மா வேடிக்கைக்குச் சொன்னதுன்னு எழுதிடட்டுமா?”

“வேடிக்கைக்கா சொன்னேன்? கண்ணேறுக்குப் பயந்து சொன்னேன். அப்படியே எழுது.”

“கோர்ட்டுல கண்ணேறுன்னா சிரிப்பாங்க அத்தை.”

“சிரிக்கட்டும். சிரிக்குற கண்ணு படாது.”

போகும்போது அவன் ஒரு கட்டளை இட்டான். பலகை சாட்சியப் பொருள், அதைத் தொடக்கூடாது. வழக்கு முடியும்வரை பழத்தைப் பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு சொல் பேசக்கூடாது.

அந்தப் பருவம் அவளுக்கு நோன்பாகக் கழிந்தது. கார்கள் வந்து நின்றன. “இந்த வருஷம் எப்படி, எல்லாம் புழுதானே?” என்று வாடிக்கையாளர்கள் ஆவலோடு கேட்டார்கள். அருஸ்யாக் உதட்டைக் கடித்துக்கொண்டு தராசைப் பார்த்தாள். அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். “அருஸ்யாக் திட்ட மாட்டேங்குறா. பழம் நெஜமாவே கெட்டுப்போச்சு போல,” என்று முணுமுணுத்துக்கொண்டு வெறுங்கையோடு வண்டியேறினார்கள். தட்டுத்தட்டாகப் பழம் தேங்கியது. வழக்கில் தோற்றால் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளவாவது ஏதாவது மிஞ்சுமா என்று அவளுக்கே ஐயம் வந்தது.

விசாரணை நாளன்று நீதிபதி ஆரியாகா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டு அமர்ந்திருந்தார். நிறுவனத்தின் வழக்கறிஞர் கெஸ்விக் பலகையின் படத்தை உயர்த்திக் காட்டினார்.

“கனம் நீதிபதி அவர்களே, இந்தம்மா மட்டம்னு சொன்னா உசத்தின்னு அர்த்தம். இது ஊருக்கே தெரியும். பலகையைப் பாருங்க, வரிசையில நிக்குற கார்களைப் பாருங்க. அன்னிக்கு மண்டபத்துல பண்ணதும் இதே விளம்பரம்தான்.”

“அப்படியா? அதே பேச்சுல உங்க கட்சிக்காரர் பழத்தையும் மட்டம்னுதானே சொன்னாங்க?”

“ஆமா. அதுதான் அவதூறு.”

“மட்டம்னா உசத்தின்னு இப்பதானே சொன்னீங்க? உங்க கட்சிக்காரரைப் புகழ்ந்ததுக்கா வழக்கு?”

பார்வையாளர் வரிசையில் சிரிப்பு எழுந்தது. கெஸ்விக் கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டார்.

“இல்லைங்க. அந்த மட்டம் வேற, இந்த மட்டம் வேற.”

“எது எந்த மட்டம்னு எப்படித் தெரிஞ்சுக்குறது?”

“ரொம்ப சுலபம். பிரியமா இருக்குறதை மட்டும்தான் இந்தம்மா இப்படித் திட்டுவாங்க. சொந்த மரம், சொந்த மகள். கட்டுன புருஷனை உதவாக்கரைன்னுதான் கூப்பிடுறாங்க. யாரை வேணா விசாரிச்சுப் பாருங்க, அவர்மேல அவங்களுக்கு உயிரு!”

கடைசி வரிசையில் அரைத் தூக்கத்தில் இருந்த கிர்கோர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அந்த ஆளு நெஜமாவே உதவாக்கரைதாங்க!” என்று அருஸ்யாக் எழுந்துவிட்டாள். காதுமடல்கள் சிவந்திருந்தன.

“அம்மா, உக்காருங்க. உங்க வக்கீல் பேசுவார்,” என்றார் நீதிபதி. பிறகு கெஸ்விக்கின் பக்கம் திரும்பினார். “கண்ணேறுக்குப் பயந்து சொன்னேன்னு அவங்க பிரமாணம் பண்ணியிருக்காங்க. பிரியத்துல சொன்னாங்கன்னு நீங்க வாதாடுறீங்க. ரெண்டுல எதை எடுத்துக்கிட்டாலும், விக்குறதுக்காகச் சொன்னதுன்னு எங்க வருது?”

கெஸ்விக் தாள்களைப் புரட்டினார். நீதிபதி விடவில்லை.

“சரி, அது கிடக்கட்டும். கப்பல் பழம்னு அவங்க சொன்னது பொய்ன்னு காட்ட என்ன வெச்சிருக்கீங்க? உங்க மேலாளரோட வாக்குமூலம் படிச்சேன். புகையைப் பத்திப் பக்கம் பக்கமா இருக்கு. பழம் எங்கேருந்து வந்துச்சுன்னு ஒரு வரிகூட இல்லையே?”

மேலாளர் தம் காலணியை ஆராயத் தொடங்கினார். ஹோவிக் பேசுவதற்கு எழுதி வைத்திருந்ததில் பாதிக்குமேல் தேவைப்படவே இல்லை. வழக்கு தள்ளுபடி ஆயிற்று; அவன் கட்டணமும் ஸ்டாக்லியார் தலையில் விழுந்தது.

மாலையில் கொட்டகைக்குத் திரும்பியதும் அருஸ்யாக் முதல் வேலையாகத் தீர்ப்பின் முதற்பக்கத்தைப் பலகைக்குக் கீழே ஆணியடித்து மாட்டினாள். தன் பழம் மட்டமானது, வாங்கவேண்டாம் என்று பிரதிவாதி கூறியது விற்பனை நோக்கத்தால் அன்று என்று அதில் நீதிமன்ற முத்திரையோடு அச்சாகியிருந்தது. அதன்மேல் கரிக்கட்டியால், ‘கோர்ட்டே சொல்லியாச்சு!’ என்று எழுதினாள். அவள் எழுதி முடிப்பதற்குள் இரண்டு கார்கள் சாலையிலிருந்து இறங்கின.

“என்னம்மா, பழம் எப்படி?”

“பன்றிகூடத் தின்னாது!” என்றாள் அருஸ்யாக். பருவம் முழுதும் அடைத்து வைத்திருந்த சொல் அது. வந்தவர்கள் முகம் மலர்ந்து பெட்டிபெட்டியாக எடுத்தார்கள்.

பின்னாலேயே வண்டியில் வந்த ஹோவிக் தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான். “ஐயோ அத்தை! அவங்க மேல்முறையீடு போகலாம். இதைப் படம் பிடிச்சுக் காட்டி, பாருங்க விளம்பரம்னு சொல்லுவாங்க. கழட்டுங்க முதல்ல!”

“கோர்ட்டு எழுதினதைக் கோர்ட்டுக்குப் பயந்து கழட்டணுமா?”

“கழட்டுங்க!”

முனகிக்கொண்டே அவள் தாளைப் பிடித்து இழுத்தாள். பலகை ஆடியது; நீலமணி ஊக்கோடு அவள் கையில் உதிர்ந்தது. மரங்களைப் பார்த்தாள். வரிசை வரிசையாக இன்னும் அவளுடையனவாகவே நின்றன. பிறகு கிர்கோரைப் பார்த்தாள். காரில் ஏறியதிலிருந்து அவர் முகத்தில் ஒரு சிரிப்பு ஒட்டிக்கொண்டு இறங்கவே இல்லை.

“அந்த வக்கீல் சொன்னது கேட்டுச்சா, அருஸ்?”

“தோத்துப்போன வக்கீல்.”

“தோத்தா சொன்னது பொய்யாயிடுமா?”

அருஸ்யாக் விறுவிறுவென்று அவரிடம் நடந்தாள். சட்டையைப் பற்றி இழுத்து, நீலமணியை அவர் மார்புப் பையில் குத்தினாள். மூன்று முறை காற்றில் துப்பினாள்.

“அசையாம நில்லு, உதவாக்கரை,” என்றாள். “அத்தனை பேரு முன்னாடி உன்னைப் புகழ்ந்து வெச்சிட்டான் பாவி. கண்ணு பட்டிருக்கும்.”