ஒரு கிராங்குக்காகக் குளத்தூர் வரை

போன மாசி மாதம் இரண்டாவது சனிக்கிழமை நானும் என் தங்கச்சி வீட்டுக்காரர் செல்வராசும் மணமேல்குடியிலிருந்து குளத்தூருக்குப் போய் வந்தோம். ஒரு சைக்கிள் எடுத்துவரத்தான். போக மட்டும் தொண்ணூற்றாறு கிலோமீட்டர். ஒரு சைக்கிளுக்கு இவ்வளவு தூரமா என்று கேட்பவர்களுக்காகவும், முழங்கால் சரியில்லாமல் சைக்கிளைத் தூக்கி மூலையில் சாத்தியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். என் பயணக் குறிப்புகளைப் படித்துவிட்டுப் பல ஊர்களிலிருந்து ஆட்கள் கிளம்பிப் போயிருக்கிறார்கள். ஆயிரம் பேர் இருக்கும். குறைத்தே சொல்கிறேன்.

மாப்பிள்ளை மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காகப் பன்னிரண்டு வருடம் இருந்தவர். அங்கே வெள்ளிக்கிழமை தவறாமல் நண்பர்களோடு நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிப்பார். ஏணியிலிருந்து விழுந்து இடது முழங்கால் உடைந்தது. ஆபரேஷன் முடிந்து ஊருக்கு வந்து பதினான்கு மாதம் ஆகிறது. நடக்கிறார், ஆனால் கால் சரியாக மடங்காது. சாதாரண சைக்கிளில் பெடல் மேலே வரும்போது கால் மடங்காமல் முட்டுக்கட்டை போட்டுவிடும். ஒரு முழுச் சுற்றுகூட வராது. பிசியோதெரபி பார்ப்பவர் கறாராகச் சொல்லிவிட்டார்: மூன்று மாதம் தினமும் பெடல் மிதித்தால் மடக்கம் கூடும், இல்லையென்றால் மயக்கம் கொடுத்து முட்டியைப் பிடித்து மடக்க வேண்டியதுதான். மாப்பிள்ளைக்கு அந்த இரண்டாவது வழியை நினைத்தாலே சோறு இறங்காது.

அப்போதுதான் மஸ்கட் நண்பர் ஒருவர் குளத்தூர் மாலதியின் பட்டறையைச் சொன்னார். மாலதி பாய்லர் பாகங்கள் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்தவர். இப்போது குளத்தூருக்கு வெளியே சொந்தமாக ஒரு லேத்தும், பழையதாக வாங்கிய ஒரு கம்ப்யூட்டர் மில்லிங் மிஷினும் வைத்திருக்கிறார். மற்ற நாட்களில் கம்பெனிகளுக்கு ஜாப் வேலை. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை மட்டும் சைக்கிள் வேலை. சக்கரத்தின் நடுவில் வரும் ஹப், பெடலைத் தாங்கும் கையான கிராங்க், இவற்றை எட்டு, பத்து என்று சின்னச் சின்னத் தொகுப்பாகக் கடைந்து முடிப்பார். ஓசூரில் சைக்கிள் பிரேம் செய்கிறவர் ஒருவர் இவரோடு கூட்டு. ஆளுக்குத் தக்க பிரேம் அங்கே, பாகம் இங்கே, பூட்டுவது குளத்தூரில். நான் விசாரித்த வரையில் ஆசியாவிலேயே இப்படி இரண்டு பேர்தான்.

ஆர்டர் கொடுக்கும் பேச்சை நான்தான் பேசினேன். மிஷின் சமாச்சாரம் நமக்கு அத்துப்படி. ஒன்பதாம் வகுப்பில் பாகைமானி வாங்கினேன், அடுத்த மாதமே படிப்பை நிறுத்திவிட்டேன், அது இன்றைக்கும் புதுசாக இருக்கிறது. மாலதி போனில் கேட்டார், "அண்ணே, முட்டி எத்தனை டிகிரி மடங்குது? பிசியோ காயிதத்துல போட்டுருப்பாங்க." காயிதம் என் கையில்தான் இருந்தது. ஆஸ்பத்திரியில் அதை வாங்கி வந்து பைலில் வைத்ததே நான்தான். அதில் 62 என்று இருந்தது. முன்பின் தெரியாத பெண்ணிடம் நம் வீட்டு மாப்பிள்ளையை அறுபத்திரண்டு என்று எப்படிச் சொல்வது? தொண்ணூறு என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையும் அதைக் கேட்டு, காயிதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று நம்பிவிட்டார். அவர் முகத்தில் ஒரு தெளிச்சி வந்தது, நானும் திருத்தவில்லை. மாலதி எடை கேட்டார். தொண்ணூற்றைந்து என்றேன். அதிலும் கொஞ்சம் பெருந்தன்மை இருந்தது.

இனிப் பயணம். மணமேல்குடியில் காலை 5.10 பஸ். அறந்தாங்கி 35 கிலோமீட்டர், டிக்கெட் 28 ரூபாய், 6.15க்கு இறங்கினோம். அங்கிருந்து புதுக்கோட்டை 32 கிலோமீட்டர், 27 ரூபாய். புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் இட்லி சாப்பிட்டோம். நான் பதினான்கு சாப்பிட்டேன், மாஸ்டர் வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார். 8.20க்குத் திருச்சி பஸ் பிடித்துக் கீரனூரில் இறங்கினோம். 24 கிலோமீட்டர், 20 ரூபாய். கால் நீட்ட இடம் வேண்டுமென்றால் டிரைவருக்குப் பின்னால் உள்ள முதல் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். கண்டக்டரிடம் விஷயத்தைச் சொன்னால் மாற்றித் தருகிறார்கள்.

கீரனூரிலிருந்து ஆட்டோ 120 ரூபாய். டிரைவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சைக்கிளுக்கா இம்புட்டுத் தூரம்? ஒங்க ஊர்ல கடையே இல்லீங்களா?" என்றார்.

"இது ஸ்பெஷலா கடையுறது. வெளிநாட்ல இருந்தெல்லாம் வந்து நிக்குறாங்க," என்றேன்.

"நான் தெனமும் அங்கிட்டுத்தான் போறேன். ஒருத்தரையும் காணமே."

"காலையில வந்துட்டுப் போயிருவாங்க."

மாப்பிள்ளை சிரிப்பை அடக்க முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார்.

9.40க்குப் பட்டறை. தகரக் கூரை, உள்ளே சிமெண்ட் தரை, மிஷினுக்கு விடும் வெட்டெண்ணெய் வாசம். மாலதிக்கு நாற்பது வயசு இருக்கும். நைட்டிக்கு மேல் சட்டை, தலையில் துணி. சைக்கிள் பூட்டித் தயாராக ஸ்டாண்டில் நின்றது, பின் சக்கரம் தரையில் படாமல். நீலக் கலர். ஏறிக் காலைத் தூக்கிப் போட வேண்டாமே என்று குறுக்குக் கம்பி இல்லாத பிரேம். எனக்கு அது கொஞ்சம் உறுத்தியது.

"என்னம்மா இது, லேடீஸ் சைக்கிள் மாதிரி இருக்கு?"

"நான் ஓட்டுறதும் இதே மாதிரிதான்ணே, ஒண்ணும் கடிக்கல."

"விடுங்க மச்சான்," என்றார் மாப்பிள்ளை. "ஏறி ஒக்காரத்தான் வந்துருக்கோம்."

மாலதி கிராங்கைக் கழற்றிக் காட்டினார். அலுமினியப் பாளத்திலிருந்து கடைந்தது. வலது பக்கம் வழக்கமான நீளம், 165 மில்லி. இடது பக்கம் மட்டும் 115. சின்னக் கை என்றால் சின்ன வட்டம், கால் குறைவாக மடங்கினால் போதும். உள்பக்கத்தில் '8-ல் 3' என்று குத்தியிருந்தது. அந்தத் தொகுப்பில் மொத்தமே எட்டு, இது மூன்றாவது.

திரும்பப் பூட்டியதும் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்து மிதித்தார். இடது பெடல் பின்பக்கமாக ஏறி வந்து, உச்சிக்கு நாலு விரல் கீழேயே நின்றுவிட்டது. மறுபடியும் மிதித்தார். அதே இடம். பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவை பார்த்தபோது மாலதி கையைக் காட்டி நிறுத்தினார். கோணம் பார்க்கும் கருவியை முட்டியில் வைத்து அளந்தார்.

"எழுவது," என்றார். சுவரில் ஒட்டியிருந்த ஆர்டர் சீட்டைப் பார்த்தார். "ஆனா தொண்ணூறுன்னு எழுதிருக்கேன். ரெண்டு மாசத்துல இருவது கொறஞ்சிருக்கே."

மாப்பிள்ளை முட்டியைக் கையால் தடவிப் பார்த்தார்.

"அப்படின்னா இதுக்கு மேல நான் கை வைக்க மாட்டேங்க," என்றார் மாலதி. "கொறஞ்சுக்கிட்டே போற காலுக்கு எந்த அளவுல செய்றது? மொதல்ல ஆஸ்பத்திரியில காட்டுங்க. திங்கக்கெழமை கிராங்கைப் பிடிச்சு நிறுத்துற இந்த ஜிக்கை மிஷின்லருந்து கழட்டிட்டு கம்பெனி வேலைக்கு மாட்டிருவேன். அடுத்த சைக்கிள் வேலை மூணு மாசம் கழிச்சுத்தான்."

"தெனமும் ரெண்டு வேளை காலுக்குக் கயிறு கட்டி இழுத்து மடக்குனேனுங்க," என்றார் மாப்பிள்ளை. பிறகு மெதுவாக இறங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து, "சைக்கிள வேற யாருக்காச்சும் குடுத்துருங்க. நான் மயக்கம் குடுத்து மடக்குறதுக்கே போறேன்," என்றார்.

பட்டறையில் ஒரு மண்பானை இருந்தது. நான் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். இன்னொரு சொம்பும் குடித்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன், அன்றைக்கு வாய் திறக்கப் பட்ட கஷ்டம் என்றைக்கும் பட்டதில்லை.

"மாப்ள, கொறயல," என்றேன்.

"நீங்க சும்மா இருங்க மச்சான்."

"நெசமாத்தான் சொல்றேன். தொண்ணூறுன்னு காயிதத்துல இல்ல. நாந்தான் சொன்னேன்."

மாலதி திரும்பிப் பார்த்தார். "அப்ப காயிதத்துல என்னண்ணே இருந்துச்சு?"

பையிலிருந்த பைலை எடுத்துக் கொடுத்தேன். அவர் படித்தார். ஒரு தடவை முட்டியைப் பார்த்தார், ஒரு தடவை என்னைப் பார்த்தார். "அறுவத்தி ரெண்டு. ரெண்டு மாசத்துக்கு முந்தி அறுவத்தி ரெண்டு, இன்னைக்கு எழுவது. ஏங்க, ஒங்க காலு எட்டு டிகிரி ஏறிருக்குங்க."

மாப்பிள்ளை காயிதத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "எட்டா?"

"எட்டு."

"ஏறிருக்கா?"

"ஏறிருக்கு. இவருதான் எறக்கிவிட்டாரு."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைப் பார்த்து, "எதுக்கு மச்சான் தொண்ணூறு? நூறுன்னே சொல்லிருக்கலாமே," என்றார்.

மாலதி ஓசூர்க்காரருக்கு வீடியோ கால் போட்டார். கையை 85 மில்லிக்குக் குறைத்தால் சீட்டை மூன்று சென்டிமீட்டர் தூக்க வேண்டும், பிரேமில் அதற்கு இடம் இருக்கிறது என்றார் அவர். புதுக் கிராங்க் கடையப் பாளம் கையில் இல்லை. இருக்கிற கையிலேயே முப்பது மில்லி உள்ளே தள்ளி இரண்டாவது ஓட்டை போட வேண்டும். பின்னால் கால் நன்றாக மடங்கியதும் பெடலை முதல் ஓட்டைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

"நல்லவேளை," என்றார் மாலதி. "எல்லாக் கிராங்குலயும் எடை கொறைக்க நடுவுல பள்ளம் எடுத்துருவேன். இதுல மட்டும்தான் எடுக்கல. ஆளு தொண்ணூத்தஞ்சு கிலோன்னு அண்ணன் சொன்னாரே."

"நான் எழுவத்தி ரெண்டுதாங்க," என்றார் மாப்பிள்ளை.

அவர்கள் இருவரும் என்னைப் பார்த்தார்கள். பள்ளம் எடுத்திருந்தால் ஓட்டை போட உலோகமே இருந்திருக்காது என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். நான் அங்கே அதைச் சுட்டிக்காட்டினேன். யாரும் பாராட்டவில்லை.

துளை போட இருபது நிமிடம், பெடலைத் திருகி ஏற்ற அதனுள் மரை வெட்ட அதைவிட அதிக நேரம். மரை வெட்டும்போது மாலதி கைப்பிடியைத் தலைகீழாகச் சுற்றுவதாக எனக்குப் பட்டது. உடனே எச்சரித்தேன்.

"அண்ணே, இடது பெடலுக்கு மரை அங்கிட்டுத்தான் சுத்தும். இல்லாட்டி மிதிக்க மிதிக்கக் கழண்டுரும்," என்றார் நிமிராமலே. இது எனக்கு முன்பே தெரியும், அவருக்குத் தெரியுமா என்று பார்த்தேன். கால்வாசிச் சுற்று வெட்டுவது, பின்னால் எடுப்பது, எண்ணெய் விடுவது, மறுபடி கால்வாசிச் சுற்று. இடது மரை வெட்டும் டேப் அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. உடைந்தால் அன்றைக்கு வேலை முடிந்தது. மாப்பிள்ளை எழுந்து வாசலுக்குப் போய் வெளியே பார்த்தபடி நின்றுகொண்டார். கடைசிச் சுற்று முடிந்து டேப் வெளியே வந்ததும், மாலதி "வாங்க" என்று மட்டும் கூப்பிட்டார்.

மணி 1.25. மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்தார். பெடல் பின்னாலிருந்து ஏறியது, உச்சியில் கொஞ்சம் தயங்கியது, தாண்டி முன்னால் இறங்கியது. செயின் ஓடுகிற சத்தம் கேட்டது. இரண்டாவது சுற்று. மூன்றாவது. பத்துப் போதும் என்றார் மாலதி. மாப்பிள்ளை நிறுத்தவில்லை, கண்ணும் பெடலை விட்டு நகரவில்லை. நானூறு சுற்று மிதித்தார் என்று எழுத வந்தேன். மாலதி எண்ணிக்கொண்டிருந்தார், நாற்பத்து மூன்று.

சாப்பிட்டுவிட்டு மூன்றரை மணிக்கு வெளியே ரோட்டில் ஓட்டிப் பார்த்தார். பட்டறையிலிருந்து மெயின் ரோடு முனை வரை, ஒண்ணேகால் கிலோமீட்டர். நான் பின்னால் காலை வந்த அதே ஆட்டோவில் போனேன். டிரைவர் மெதுவாக ஓட்டிக்கொண்டே, "சார், வெளிநாட்டு ஆளுன்னு சொன்னீங்களே, இவருதானா?" என்றார். மஸ்கட் என்றேன். அதில் பொய் இல்லை.

போக நினைப்பவர்களுக்கு. பிரேம் 28,000 ரூபாய், ஹப் இரண்டும் 9,000, கிராங்க் 4,500. இரண்டாவது ஓட்டைக்கு மாலதி காசு வாங்கவில்லை. ஆர்டர் கொடுத்து இரண்டு மாதம் ஆகும், அதனால் முன்கூட்டியே பேசுங்கள். திரும்பும்போது சக்கரத்தைக் கழற்றிச் சாக்கில் கட்டினால் பஸ்ஸில் ஒரு லக்கேஜ் டிக்கெட்டோடு ஏற்றிக்கொள்வார்கள். நேரம் இருந்தால் கொடும்பாளூர் மூவர் கோயிலையும் பார்த்துவிட்டு வாருங்கள். நாங்கள் போகவில்லை. மூன்றில் இரண்டுதான் இப்போது நிற்கிறது, மூன்றாவதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன் என்றால் நீங்கள் நம்பப்போவதில்லை.

முக்கியமானது ஒன்று. அளவைப் பிசியோதெரபி காயிதத்தோடு அனுப்புங்கள், காயிதத்தைப் படம் எடுத்தே அனுப்புங்கள், வாயால் சொல்ல வேண்டாம். கால் யாருடையதோ அவரே பேசட்டும். கூடப் போகிறவர் பை தூக்கினால் போதும். எனக்கு எவ்வளவோ விஷயம் தெரியும், இது அன்றைக்குத்தான் தெரிந்தது.

ராத்திரி எட்டரைக்கு வீடு வந்து சேர்ந்தோம். தங்கச்சி வாசலிலேயே நின்றாள். "ஓட்டுனாராண்ணே? எம்புட்டுத் தூரம்?"

"ஒண்ணேகால் கிலோமீட்டர்," என்றேன். வேறொன்றும் சேர்க்கவில்லை.

அவள் என் முகத்தைப் பார்த்து, வழக்கம்போல மனதுக்குள் கழித்தாள். "அப்ப அரைக் கிலோமீட்டராச்சும் ஓட்டிருப்பாரு," என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மாப்பிள்ளை சாக்கைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று சிரித்த சிரிப்பில் அவளைத் திருத்த அவராலும் முடியவில்லை.