திரைக்குக் கீழே விழுந்த ‘அல்ல’

ஏழாவது வார்டு லாண்டரிக்காரிக்குப் புதுக் காய்ச்சல் வந்துவிட்டது. அவள் கைபட்ட துணி நூற்றுப்பத்து வீடுகளுக்குப் போயிருக்கிறது. ஆகவே யாரும் இஸ்திரி போட்ட சட்டையை உடுத்த வேண்டாம். காலை ஆறே முக்காலுக்கு இந்தத் தகவல் சல்லடையின் கைப்பேசியில் வந்து விழுந்தது. கூடவே, ஏதோ அலுவலகத் தாளின் புகைப்படம் ஒன்று. அனுப்பியவர் அவருடைய அக்கா. அக்கா கீழ்த்தளத்தில், தம்பி மாடியில். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். ஆனால் உலகம் அழியப்போகிற செய்திகளை அக்கா வாயால் சொல்வதில்லை. சட்டையைப் பற்றிய கடைசி வரி மட்டும் அக்காவின் சொந்தச் சரக்கு.

சல்லடை என்பது அலுவலகத்தில் வைத்த பெயர். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தினார். அச்சகத்தை மூடியதும் ஒரு செய்தித் தளத்தின் சரிபார்ப்புப் பிரிவில் சேர்ந்தார். பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஜன்னலை மறைத்தபடி ஓர் அலமாரி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வந்த இரண்டு வரன்களின் விவரங்களையும் சரிபார்த்ததுதான் காரணம் என்று அக்கா இன்றும் குத்திக்காட்டுவார்.

அன்று அவர் பல் துலக்கும் முன்பே வேலையில் இறங்கிவிட்டார். சுகாதார அலுவலகத்துக்குத் தொலைபேசினார். நான்கு பேர் அவரை ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாற்றிவிட்டார்கள். ஐந்தாவதாக வந்த எழுத்தர் சிரித்துவிட்டார். அப்படி ஒரு காய்ச்சல் உலகத்திலேயே இல்லை. என்றாவது ஒரு நாள் ஏதாவது ஒரு கொள்ளைநோய் வரும், அப்போது எந்த ஊர்தி எங்கே நிற்பது, யார் யாருக்குச் சொல்வது என்று பழகிப்பார்க்க ஓர் ஒத்திகை நடத்தினார்கள். அதற்காக அந்த எழுத்தரே எழுதிய கற்பனைக் கதைதான் அந்தத் தாள். லாண்டரி எப்படி வந்தது என்று கேட்டால், எழுதும்போது மேசைமேல் இவருடைய லாண்டரிப் பை இருந்ததாம்.

சல்லடை ஒத்திகைத் தாள் முழுவதையும் அனுப்பச் சொன்னார். யாரோ படம் எடுத்துப் பரப்பியிருந்தது நான்காம் பக்கம். அது இப்படி முடிந்தது: “ஏழாவது வார்டில் லாண்டரி நடத்தும் நாற்பத்தாறு வயதுப் பெண்ணுக்குக் காய்ச்சல் வருகிறது. அவர் மடித்த துணிகள் வழியாக நூற்றுப்பத்து வீடுகளுக்கு நோய் பரவுகிறது என்று”. ஐந்தாம் பக்கத்தின் உச்சியில் ஒற்றைச் சொல் தனியாக நின்றது: “வைத்துக்கொள்வோம்.”

அவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. முப்பது வருட உழைப்புக்கு இப்படி ஒரு சொல்லாவது கிடைக்க வேண்டாமா?

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நேரில் பார்க்காமல் எழுதுவது அவருக்குப் பிடிக்காது. இரண்டு சட்டையைப் பையில் போட்டுக்கொண்டு ஏழாவது வார்டுக்குப் போனார். அங்கே இருந்தது ஒரே ஒரு லாண்டரி. தன்னை யாரென்று சொல்லவில்லை. வாடிக்கையாளரிடம்தான் உலகம் உண்மை பேசும் என்பது அவர் கொள்கை. கடைக்கார அம்மா துணியின் ஓரத்தில் மையால் எண் எழுதிக்கொண்டிருந்தார். பத்து நிமிடம் நின்று கவனித்ததில் ஒரு தும்மல்கூட இல்லை. “எப்ப கெடைக்கும்?” என்று மட்டும் கேட்டுவிட்டு வெளியே வந்து, எதிர்ப்புறத்திலிருந்து பெயர்ப்பலகை தெளிவாக விழும்படி ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஆதாரம் வேண்டுமே.

மதியத்துக்குள் தலைப்பு தயார்: “நாற்பத்தாறு வயதுப் பெண் நடத்தும் ஏழாவது வார்டு லாண்டரியிலிருந்து நூற்றுப்பத்து வீடுகளுக்குப் புதிய காய்ச்சல் பரவியது என்பது உண்மை அல்ல.” கீழே கடையின் படம். படத்தின் மூலையில் வழக்கமான பச்சை முத்திரை: ‘சரிபார்க்கப்பட்டது’. தன் மேசைக் கணினியின் அகலமான திரையில் அதை மூன்று முறை வாசித்தார். எழுத்துப்பிழை இல்லை. ஒற்று மிகவில்லை, குறையவும் இல்லை. திருப்தியாக மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவருடைய சட்டைகள் எல்லாம் மாடிப்படியில் ஒரு மூட்டையாகக் கிடந்தன. என்ன இது என்று கேட்டார்.

“நீ போட்டதுலதான்டா இருக்கு” என்றார் அக்கா.

“நான் என்ன போட்டேன்?”

“உண்மைன்னு போட்டிருக்க. பச்சை முத்திரையோட.” அக்கா கைப்பேசியை நீட்டினார். “இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் நீ சொன்னதை நம்பினேன்.”

கைப்பேசித் திரை ஒல்லி. தலைப்பு அதில் முழுதாக அடங்கவில்லை. “…புதிய காய்ச்சல் பரவியது என்பது உண்மை” வரைக்கும் தெரிந்தது. அப்புறம் மூன்று புள்ளி. ‘அல்ல’ அந்தப் புள்ளிகளுக்குப் பின்னால், தட்டித் திறப்பவர்களுக்காகக் காத்துக்கொண்டிருந்தது. யாரும் தட்டவில்லை. அதற்கு நேர் கீழே கடையின் பெயர்ப்பலகை, அதன் மூலையில் ‘சரிபார்க்கப்பட்டது’. காலையில் நான்கைந்து குடும்பக் குழுக்களுக்குள் முனகிக்கொண்டிருந்த வதந்திக்கு இப்போது முகவரி கிடைத்திருந்தது. வாங்கிக் கொடுத்தவர் சல்லடை. பக்கம் மாறிப்போன ஒரு வினைச்சொல்லைக் காலையில் மோப்பம் பிடித்தவர், அதே குழியில் மதியம் தானே இறங்கியிருந்தார். ஒத்திகைத் தாளை எழுதியவருக்காவது பக்கம் தீர்ந்துபோனது என்ற சமாதானம் உண்டு.

மறுநாள் செய்தி ஆசிரியரிடம் போனார். அவர் இவரைவிடப் பதினைந்து வயது இளையவர், மரியாதை தெரிந்தவர், எண்களில் உயிர் வைத்தவர். இந்த மாதத்திலேயே அதிகம் பேர் பார்த்தது இதுதான் என்று முதலில் பாராட்டினார். சல்லடை விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்தார்.

“தலைப்பை மாத்திடலாம் சார். ‘பொய்’னு முதல்லயே வரட்டும். ஆனா நாம தப்பு பண்ணோம்னு எழுத வேண்டாம். அப்புறம் நம்மளை யாரு நம்புவா?”

சல்லடை தலையாட்டினார். அவ்வளவு சீக்கிரம் ஆட்டியிருக்க வேண்டாம். வாக்குவாதம் செய்யத் தயாரித்துக்கொண்டு வந்த நான்கு வாக்கியங்களும் அப்படியே மிஞ்சிவிட்டன. நாற்காலிக்குத் திரும்பும்போது நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் லேசாக இருந்தது. அந்த லேசுதான் பிறகு அவரைப் படுக்கவிடாமல் செய்தது. மாற்றிய தலைப்பை நாற்பத்தொரு பேர் பார்த்தார்கள். அதில் ஆறு முறை அவரே.

நான்காம் நாள் லாண்டரியில் கொடுத்த சட்டைகளை வாங்கப் போனார். கதவருகே கால் தயங்கியது. அலமாரியில் மடித்த துணிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. கொடுத்தவர்கள் திரும்ப வாங்க வரவில்லை. விடுதிக்காரர் படுக்கை விரிப்பு அனுப்புவதை நிறுத்திவிட்டாராம். இரண்டு இயந்திரங்களில் ஒன்று மின்கம்பி பிடுங்கிய நிலையில் நின்றது. இந்த மாதம் இப்படியே போனால் அதை விற்றுவிட வேண்டியதுதான் என்று கடைக்கார அம்மா சாதாரணமாகச் சொன்னார்.

மேசைமேல் ஒரு தெர்மாமீட்டர் இருந்தது. அம்மா அதைத் துடைத்து நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டார். எதிரே நிற்கிறவரைப் பார்த்தபடி ஒரு நிமிடம் காத்திருந்தார். பிறகு எடுத்து, சல்லடையின் பக்கம் நீட்டினார்.

“பாத்துக்கங்க சார். அப்புறம்தான் உங்க சட்டையைத் தொடுவேன்.”

சல்லடைக்கு அந்த எண் கலங்கலாகத் தெரிந்தது. வாழ்க்கையில் எத்தனையோ சரிபார்த்தவர். “சரியா இருக்கும்மா” என்று சொல்ல அவருக்கு நாக்கு எளிதில் எழவில்லை. சொன்னார்.

அம்மா சட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டே பேசினார். காய்ச்சல் என்று சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொள்வாராம். “நாப்பத்தாறாம் சார். எனக்கு முப்பத்தொம்பது. வயசைக்கூட கேக்காம எழுதியிருக்கான்.”

கற்பனை நோயாளியின் வயதை நிஜப் பெண்மேல் ஏற்றியதைச் சல்லடை அந்த நொடிவரை கவனித்திருக்கவில்லை.

“உங்களைப் பாத்தா படிச்சவங்க பழக்கம் இருக்கும்போல தெரியுது. எழுதினவன் பேரு மட்டும் கேட்டுச் சொல்றீங்களா?”

“பேரு தெரிஞ்சு என்னம்மா பண்ணப்போறீங்க?”

“சண்டைக்கெல்லாம் போகமாட்டேன். இவ்வளவு தூரம் வந்து கடையைப் படம் எடுத்தானே, உள்ள வந்து ‘ஒனக்கு ஒடம்பு எப்படி இருக்கு’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அதை மட்டும் கேக்கணும்.”

பெயர் அவருடைய நாக்கின் நுனியில் இருந்தது. பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறது. “விசாரிச்சுச் சொல்றேம்மா” என்றார்.

வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அவர் தெரிந்தே சொன்ன முதல் பொய் அது. அடுத்த சனிக்கிழமை இரண்டாவது. அன்றிலிருந்து வாராவாரம் அக்காவின் துணிகளையும் வம்பாகப் பிடுங்கிச் சேர்த்துக் கொண்டுபோய்ப் போடுகிறார். அக்காவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். அக்கா திட்டவில்லை, “எங்கிட்ட சொல்லி என்னடா ஆகப்போவுது” என்று மட்டும் கேட்டார்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. வாடிக்கையாளர்கள் பாதிப்பேர் திரும்பிவிட்டார்கள். இரண்டாவது இயந்திரம் நின்ற இடத்தில் தரை மட்டும் சதுரமாக வெளுத்திருக்கிறது. சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சல்லடை மூட்டையோடு உள்ளே நுழைகிறார். கடைக்கார அம்மா இப்போதெல்லாம் அந்தப் பெயரை வாய்விட்டுக் கேட்பதில்லை, புருவத்தை உயர்த்துகிறார்.

“இன்னும் கெடைக்கலைம்மா” என்கிறார் அவர்.

“பரவால்ல சார். மெதுவா கேட்டுச் சொல்லுங்க.”