என் பெயரில் ஒரு மாப்பிள்ளை

கைக்குழந்தையோடு ஒரு பெண் எங்கள் வாசலில் வந்து நின்று, என் பெயரைச் சொல்லி, "நான் அவர்ட பொஞ்சாதி. கதவத் திறங்க மாமி" என்றிருக்கிறாள். நான் அப்போது கல்முனைச் சந்தையில், புடவைக் கடையில் வேலையில் நின்றேன். உம்மா பயந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டார். அவள் தெருவில் நின்று அழுதுவிட்டு, கூட வந்த தன் அண்ணனோடு, அந்தக் காக்காவோடு, பஸ் ஏறிப் போய்விட்டாள். அழுகையைக் கேட்டவர்கள் சும்மா இருப்பார்களா? நான் வீட்டுக்கு வருமுன்பே செய்தி எனக்கு நிச்சயித்திருந்த பெண்ணின் வீட்டுக்குப் போய்விட்டது.

கலியாணத்துக்கு ஒரு மாதம்கூட இல்லை. அதுவரை என்னை "மருமகன்" என்று கூப்பிட்ட பெண்ணின் வாப்பா அன்றைக்கு, "பொறுங்க தம்பி, விசாரிச்சுப் பாப்பம்" என்றார். அந்தத் "தம்பி"யிலேயே எனக்கு எல்லாம் விளங்கியது. பள்ளிவாசலில் எனக்குப் பக்கத்தில் தொழுதவன்கூட வெளியே வந்து, "மச்சான், புள்ள ஆம்பிளையா பொம்பிளையா?" என்று கேட்டுச் சிரித்தான். செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். நிமிர்ந்திருந்தால் அடித்திருப்பேன்.

இது யார் வேலை என்று எனக்குத் தெரியும். கடைக்கு வருமுன் அக்கரைப்பற்றில் ஒரு அரிசி ஆலையில் வேலை செய்தேன். என்னோடு ஒரே அறையில் ஒருவன் தங்கியிருந்தான். ஒரு நாள் காலையில் அவனையும் காணவில்லை, என் அடையாள அட்டையையும் காணவில்லை. யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் அட்டையில்லாமல் ஒரு சோதனைச் சாவடியைத் தாண்டுவது உயிரோடு விளையாடுகிற காரியம். பொலிஸில் முறைப்பாடு, கிராம அதிகாரி விதானையாரிடம் கையெழுத்து என்று நாயாய் அலைந்து, மாதக் கணக்கில் காத்திருந்து புது அட்டை எடுத்தேன். அத்தோடு சனியன் விட்டது என்று நினைத்தேன்.

பள்ளிவாசல் நிர்வாகத்தைப் பார்க்கிற மரைக்கார் ஆள் அனுப்பி, பொத்துவில் பக்கத்திலிருந்து அந்தப் பெண்ணையும் காக்காவையும் வரவழைத்தார். எங்கள் வீட்டு மண்டபத்தில் மரைக்காரும் எனக்கு நிச்சயித்த பெண்ணின் வாப்பாவும் இருந்தார்கள். உம்மா திரைச்சீலைக்குப் பின்னால் நின்றார். அவள் குழந்தையோடு உள்ளே வந்து, என் முகத்தை ஒரு தரம்தான் பார்த்தாள்.

"இவர் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் மரைக்கார். நான் உடனே மறுபடியும் மருமகனாகிவிட்டேன். தேத்தண்ணீர் வந்தது. அவர்களுக்கு விஷயம் முடிந்தது. அவள் புருஷன் இல்லாமல் நிற்கிறாள் என்பது அங்கே ஒருவருக்கும் விஷயமாகவே தெரியவில்லை.

எப்படி நடந்தது என்று காக்காவிடம் கேட்டேன். என் அறையில் இருந்தவன், படம் மங்கிப்போயிருந்த என் அட்டையைக் காட்டியிருக்கிறான். வாப்பா உயிரோடில்லை, மௌத்து, உம்மாவோடு கோபம், தன் பக்கத்தில் ஒருவரும் வரமாட்டார்கள் என்றிருக்கிறான். இவர்களும் நம்பி நிக்காஹ் செய்து, வீட்டையும் கொடுத்திருக்கிறார்கள். குழந்தை பிறந்த பிறகு ஒரு நாள் அவன் சொல்லாமல் போய்விட்டான். அட்டையிலிருந்த விலாசத்தை வைத்துத்தான் எங்கள் வாசலுக்கு வந்திருக்கிறார்கள்.

"என்னப் பத்தி வேற என்ன சொன்னான்?" என்று அவளிடம் கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு, "தோடம்பழத்தக் கண்டா அழுவார்" என்றாள். "வாப்பா காய்ச்சல்ல கிடக்கக்கொள்ள தோடம்பழம் கேட்டாராம். வாங்கிட்டு வாறத்துக்குள்ள மௌத்தாப் போயிட்டாராம்."

அது நான். கடைத்தெருவிலிருந்து தோடம்பழத்தோடு ஓடி வந்தவன் நான். உம்மாவிடம்கூடச் சொல்லாத அந்தக் கதையை அந்த அறையில் அவனுக்கு மட்டும் சொன்னேன். நாசமாய்ப் போனவன் என் வாப்பாவுக்காக இன்னொருத்தி முன்னால் அழுது காட்டியிருக்கிறான்.

குழந்தை சிணுங்கியது. அவள் அதைத் தோளில் சாய்த்து, தட்டிக்கொடுத்து, பெயர் சொல்லிச் சமாதானப்படுத்தினாள். என் வாப்பாவின் பெயர். திரைச்சீலைக்குப் பின்னால் உம்மா "யா அல்லாஹ்" என்றது கேட்டது.

"மூத்த புள்ளைக்கு வாப்பாட பேர்தான் வெக்கணும் என்டு அவர்தான் சொன்னார்" என்றாள் அவள்.

மரைக்கார் தொண்டையைக் கனைத்தார். "இது சரிவராது. வேற பேர மாத்திப்போடுங்க. இல்லாட்டி ஊர் கதைக்கும்."

பெண்ணின் வாப்பா, "ஓம், ஓம்" என்றார்.

"கதைக்கட்டும்" என்று கத்தினேன். "இந்தப் புள்ளட பேரப் புடுங்க நீங்க ஆரு? அதுல கை வெச்சா எனக்கு இந்தக் கலியாணமும் வேணாம், ஒண்டும் வேணாம்."

பிள்ளையின் பெயர் அப்படியே இருந்தது. கலியாணம் நடந்தது, ஆனால் மாமனார் சாகும்வரை என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

அவனை இன்றைக்குக் கண்டாலும் விடமாட்டேன். அட்டைக்காகக் கன்னத்தில் ஒரு அறை. என் வாப்பாவின் பெயரால் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற ஒரு பிள்ளையை விட்டுப் போனதற்கு, கை ஓயும்வரை.